ஆம்ஸ்ட்ராங் ஈட்டிய செல்வம்

புகழ்பெற்ற ஒருவரைப் பற்றிக் கேள்வியுறும்போது, அவர் யாது செய்தார் என்று வினவுவோர் சிலர். எவ்வளவு பொருள் ஈட்டினார் என்று வினவுவோர் பலர். இவ்வினாவை இழிந்தது என்று தள்ளிவிடுதல் கூடாது. பொருளின்றி இல்லறம் நடவாது. உழைத்தவன் தன் உழைப்பின் பயனைப் பெறுதல் முறையே. ஆயினும், பொருள் எவ்வளவு என்று கேட்பவர், அது வந்த வழி யாது, வரவிருந்தும் வேண்டா என்று விலக்கப்பட்ட பொருள் யாது என்றும் கேட்டல் வேண்டும். அப்பொழுதுதான் ஒருவருடைய செல்வத்தின் முழு அளவு நமக்குத் தெரியும்.

நிலவில் முதன்முதலாகக் கால்வைத்த மனிதர் நீல் ஆம்ஸ்ட்ராங் ஆவார். உலகம் முழுவதும் அறிந்த அப்பெயரை அவர் விலைக்கு வைத்திருப்பாராயின், அளவற்ற பொருள் அவரை நாடி வந்திருக்கும். அவர் அவ்வாறு செய்தாரில்லை. அவருடைய வரலாற்றை அறிவோமாக.

இளமையும் உழைப்பும்

நீல் ஆல்டன் ஆம்ஸ்ட்ராங், அமெரிக்க நாட்டின் ஓகையோ மாநிலத்தில், வாப்பக்கொனெட்டா என்னும் சிற்றூரின் அருகே, 1930 ஆம் ஆண்டு ஆகஸ்டு 5 ஆம் நாள் பிறந்தார். தந்தையார் ஸ்டீபன், மாநில அரசின் கணக்குத் தணிக்கையாளர், தாயார் வயோலா. தந்தையாரின் அலுவல் காரணமாக அக்குடும்பம் ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்தது. வறுமை இல்லை, வளமும் மிகுதியாக இல்லை.

1936 ஆம் ஆண்டில், ஆறு வயது நிரம்புவதற்குச் சில நாள்களே இருந்தபொழுது, தந்தையாருடன் நீல் முதன்முறையாக வானூர்தியில் பறந்தார். அன்று தொடங்கிய வேட்கை வாழ்நாள் முழுவதும் தணியவில்லை. வானூர்திகளின் உருவங்களைச் செய்து பறக்கவிடுவதும், வானூர்திகளைப் பற்றிய ஏடுகளைத் தேடிப் படிப்பதும் அவருக்கு விளையாட்டாயின.

வளர்ந்தபின், தாமே வானூர்தி ஓட்டப் பழக வேண்டும் என்று விரும்பினார். ஒரு மணி நேரப் பயிற்சிக்குக் கட்டணம் 9 டாலர். அவரோ ஒரு மருந்துக்கடையில் மணிக்கு 40 செண்டு கூலிக்கு வேலை செய்துவந்தார். கணக்கிட்டுப் பாருங்கள்: நூறு செண்டு ஒரு டாலர். ஆகவே, ஒரு மணி நேரம் பறப்பதற்கு 22½ மணி நேரம் உழைத்தல் வேண்டும். நீல் அதற்குச் சலிக்கவில்லை. தம் 16 ஆம் பிறந்தநாளில் பயிற்சி வானோட்டிக்குரிய சான்றினைப் பெற்றார். தரையில் மகிழுந்து ஓட்டும் உரிமம் பெறுவதற்கு முன்பே வானில் ஊர்தி ஓட்டும் உரிமை அவருக்குக் கிடைத்துவிட்டது! பிறர் கொடுத்த பொருளால் அன்றித் தம் கையால் உழைத்துச் சேர்த்த பொருளால் பெற்ற உரிமை அது.

கல்வியும் படைப்பணியும்

1947 ஆம் ஆண்டில் நீல், பர்டியூ பல்கலைக்கழகத்தில் வானூர்திப் பொறியியல் பயிலச் சேர்ந்தார். கடற்படை அவருடைய கல்விச் செலவை ஏற்றது. அதற்கு ஈடாக அவர் சில ஆண்டுகள் படையில் பணியாற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. அதன்படி 1949 இல் படைக்கு அழைக்கப்பட்டு, வானோட்டியாகப் பயிற்சி பெற்று, கொரியப் போரில் 78 முறை வானில் பறந்து கடமையாற்றினார்.

1951 ஆம் ஆண்டு செப்டம்பர் 3 ஆம் நாள், தாழப் பறந்துகொண்டிருந்த அவருடைய ஊர்தியின் வலச் சிறகு ஒரு கம்பிவடத்தில் மோதி, அதன் முனை துண்டிக்கப்பட்டது. சிறகு குறைந்த ஊர்தியைப் பதற்றமின்றித் தம்மவர் வாழும் பகுதி வரை செலுத்தி வந்து, பின்னர்க் குடைமிதவையின் துணையால் இறங்கி உயிர் தப்பினார். அப்பொழுது அவருக்கு வயது 21. இடர் நேர்ந்தவிடத்து அஞ்சிக் கலங்காமல், அடுத்துச் செய்யத்தக்கது யாது என்று ஆராயும் இயல்பு அவருக்கு அவ்விளமையிலேயே வாய்த்திருந்தது. போர்ப்பணி முடிந்தபின் பல்கலைக்கழகத்திற்கு மீண்டு, 1955 இல் பட்டம் பெற்றார்.

சோதனை வானோட்டி

பட்டம் பெற்ற ஆம்ஸ்ட்ராங், புதிய வானூர்திகளை ஓட்டி ஆராயும் பணியில் அமர்ந்தார். கலிபோர்னியாவின் பாலை நிலத்திலுள்ள எட்வர்ட்ஸ் தளத்தில் அவர் பணி நடைபெற்றது. அங்கே எக்ஸ்-15 என்னும் ராக்கெட்டு ஊர்தியை ஏழு முறை ஓட்டினார். மணிக்கு 6,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவையும் எட்டினார். பலர் அவ்விரைவை வீரம் என்று வியந்தனர். அவரோ தம்மை ஒரு பொறியாளர் என்று கருதுவதையே விரும்பினார். ஊர்தி எவ்வாறு இயங்குகிறது, எவ்விடத்துப் பிழைபடுகிறது என்று அறிந்து குறித்துக் கொடுப்பதே தம் தொழில் என்று எண்ணினார்.

1956 ஆம் ஆண்டு ஜனவரி 28 ஆம் நாள் ஜானெட் என்னும் நங்கையை அவர் மணந்திருந்தார். அவர்களுடைய பெண்மகவு கேரன், மூளையில் தோன்றிய கட்டியால் நோயுற்று, 1962 ஆம் ஆண்டில், பெற்றோரின் மணநாளாகிய அதே ஜனவரி 28 இல், மூன்று வயதும் நிரம்பாமல் இறந்தது. அத்துயரத்தைப் பற்றி ஆம்ஸ்ட்ராங் பிறரிடம் பேசியது மிகவும் அரிது. உள்ளத்தில் அதனைச் சுமந்துகொண்டே பணிக்குத் திரும்பினார். அவ்வாண்டுச் செப்டம்பரில், நாசா என்னும் அமெரிக்க விண்வெளி நிறுவனம் தேர்ந்தெடுத்த ஒன்பது புதிய விண்வெளி வீரருள் அவரும் ஒருவரானார்.

இரண்டு இடர்கள்

1966 ஆம் ஆண்டு மார்ச்சு 16 ஆம் நாள், ஜெமினி 8 என்னும் கலத்தில் டேவிட் ஸ்காட் என்பவருடன் ஆம்ஸ்ட்ராங் விண்ணிற் சென்றார். ஆங்கே முன்னரே அனுப்பப்பட்டிருந்த அஜீனா என்னும் கலத்துடன் தம் கலத்தை இணைத்தார். விண்ணில் இரு கலங்கள் இணைந்தது அதுவே முதல் முறை. ஆனால், சிறிது நேரத்தில் இணைந்த கலங்கள் சுழலத் தொடங்கின. அஜீனாவிடமிருந்து பிரிந்தபின் சுழற்சி இன்னும் மிகுந்தது. ஒரு நொடிக்கு ஒரு முறை என்னும் அளவிற்குக் கலம் பம்பரம்போற் சுழன்றது. ஜெமினிக் கலத்தின் உந்துகருவி ஒன்று ஓயாமல் இயங்கியமையே அதற்குக் காரணம். கண்பார்வை மங்கி உணர்விழக்கும் நிலை நெருங்கியது. ஆம்ஸ்ட்ராங் அவ்வுந்துகருவிகளை நிறுத்தி, தரைக்கு மீள்வதற்கென ஒதுக்கப்பட்ட வேறு உந்துகருவிகளை இயக்கிச் சுழற்சியை அடக்கினார். அவற்றைப் பயன்படுத்தியபின் விரைவில் தரைக்குத் திரும்பவேண்டும் என்பது விதி. மூன்று நாள் நடக்கவேண்டிய பயணம் 11 மணி நேரத்திற்குள் முடிவுற்றது. இருவரும் பசிபிக் கடலில் நலமே இறங்கினர்.

இரண்டாம் இடர் 1968 ஆம் ஆண்டு மே 6 ஆம் நாள் நேர்ந்தது. நிலவில் இறங்குவதற்குப் பழகும் ஊர்தி ஒன்றை ஹூஸ்டன் நகரின் அருகே அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். அது கட்டுக்கடங்காமல் சாய்ந்தது. நொடிப்பொழுதில் இருக்கையுடன் வெளியே எறியப்பட்டுக் குடைமிதவையால் தப்பினார். ஊர்தி தரையில் விழுந்து எரிந்தது. அன்றே அவர் அலுவலகத்திற்குச் சென்று தம் மேசையில் அமர்ந்து வழக்கமான வேலையைச் செய்தார் என்பர். அவ்வூர்தி இடர்மிக்கது என்பதை நேரில் உணர்ந்தபின்னும், நிலவில் இறங்கப் பழகுவதற்கு அப்பயிற்சி இன்றியமையாதது என்றே அவர் வலியுறுத்தினார்.

நிலவுப் பயணம்

நிலவிற்குச் செல்லும் அப்போலோ 11 என்னும் பயணத்திற்கு ஆம்ஸ்ட்ராங் தலைவராக அமர்த்தப்பட்டார். உடன் சென்றவர் இருவர்: எட்வின் ஆல்டிரின், மைக்கேல் காலின்ஸ். ஆல்டிரினைப் பஸ் ஆல்டிரின் என்றும் வழங்குவர். அவ்வாண்டில் ஆம்ஸ்ட்ராங் பெற்ற அரசு ஊதியம் ஆண்டிற்கு ஏறத்தாழ 30,000 டாலரேயாகும். நிலவிற்குச் சென்றமைக்காகப் பெருஞ்செல்வம் எதுவும் அவருக்கு வழங்கப்படவில்லை. அவர் ஓர் அரசு ஊழியர், அவ்வளவே.

இத்தகைய பயணம் மேற்கொள்வோர் பெருந்தொகைக்கு ஆயுள் காப்பீடு செய்துகொள்வது எளிதன்று. தாம் மீளாவிடில் குடும்பத்தின் நிலை யாதாகும் என்று அம்மூவரும் எண்ணினர். ஆகவே, அஞ்சல் உறைகள் பலவற்றில் கையொப்பமிட்டு, புறப்படும் நாளிலும் நிலவில் இறங்கும் நாளிலும் அவற்றில் அஞ்சல் முத்திரை இடப்படுவதற்கு ஏற்பாடு செய்தனர். தாம் மடிய நேர்ந்தால், மனைவி மக்கள் அவ்வுறைகளை விற்றுப் பிழைக்கலாம் என்பது கருத்து. நிலவை நோக்கிச் சென்ற வீரர் தம் குடும்பத்திற்குக் காப்பாக அவ்வுறைகளை விட்டுச்சென்றனர் என்று நினைக்கும்போது நம் நெஞ்சம் நெகிழ்கின்றது.

1969 ஆம் ஆண்டு ஜூலை 16 ஆம் நாள் அவர்கள் புறப்பட்டனர். ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தொலைவைக் கடந்து நிலவை அடைந்தனர். காலின்ஸ் தாய்க்கலத்தில் நிலவைச் சுற்றிக்கொண்டிருக்க, மற்ற இருவரும் கழுகு எனப் பொருள்படும் பெயருடைய இறங்குகலத்தில் 20 ஆம் நாள் நிலவை நோக்கி இறங்கினர். இறங்கும்போது கணிப்பொறி எச்சரிக்கை ஒலி எழுப்பியது. அது செய்யவேண்டிய வேலை அளவுக்கு மிஞ்சியதே காரணம் எனத் தரையிலிருந்த அறிஞர் அறிந்து, தொடர்ந்து இறங்கலாம் என்று அறிவித்தனர். பின்னும் ஓர் இடையூறு தோன்றியது. கலம் இறங்கவிருந்த இடம், பாறைகள் நிறைந்த பெரும் பள்ளத்தின் அருகே இருந்தது. ஆம்ஸ்ட்ராங் கலத்தைத் தம் கையாற் செலுத்தி, பாறைகளைக் கடந்து, சமநிலம் தேடிச் சென்றார். எரிபொருளோ குறைந்துகொண்டே வந்தது. ஒரு நிமிடத்திற்கும் குறைவான அளவே எஞ்சியிருந்தபோது கலத்தை மெல்ல இறக்கினார். அவ்வேளையில் அவருடைய நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 150 ஆக உயர்ந்திருந்தது. குரலில் மட்டும் கலக்கம் இல்லை.

சில மணி நேரம் கழித்து, இந்திய நேரப்படி 21 ஆம் நாள் காலை 8 மணி 26 நிமிடத்திற்கு, ஆம்ஸ்ட்ராங் ஏணியின் வழியே இறங்கி நிலவில் அடி வைத்தார். ஒரு மனிதனுக்குச் சிறியதாகிய அவ்வடி மனித குலத்திற்குப் பெரும் பாய்ச்சல் என்று அவர் கூறியதை உலகம் கேட்டது. ஏறத்தாழ 60 கோடி மக்கள் தொலைக்காட்சியில் அதனைக் கண்டனர்.

ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் இருவரும் வெளியே நடமாடினர். மண்ணும் கல்லுமாக 21 கிலோவிற்கு மேல் திரட்டினர். நில அதிர்ச்சியை அளக்கும் கருவியையும், பூமியிலிருந்து செல்லும் ஒளிக்கற்றையைத் திருப்பி அனுப்பும் ஆடிகளையும் நிறுவினர். அங்கே எடுக்கப்பட்ட படங்களுள் ஆல்டிரினே மிகுதியும் காணப்படுகிறார். ஆம்ஸ்ட்ராங்கைக் காட்டும் படங்கள் மிகச் சில. பெரும்பாலான நேரம் படக்கருவி ஆம்ஸ்ட்ராங்கின் கையில் இருந்தமையே காரணம். மூவரும் ஜூலை 24 ஆம் நாள் பசிபிக் கடலில் வந்து இறங்கினர்.

புகழும் வாழ்வும்

திரும்பிய மூவரையும் உலகம் கொண்டாடியது. பல நாடுகள் அவர்களை வரவேற்றன. நம் பம்பாய் நகரும் அவ்வாண்டு அக்டோபரில் அவர்களை வரவேற்று மகிழ்ந்தது. அமெரிக்க அரசின் உயர்ந்த விருதுகள் ஆம்ஸ்ட்ராங்கிற்கு வழங்கப்பட்டன. தேர்தலில் நிற்குமாறு அரசியற் கட்சியினர் அழைத்தனர். தம் பொருள்களுக்கு விளம்பரம் செய்யுமாறு வணிகர் வேண்டினர். எதனையும் பற்றிக்கொள்ளாமல், 1971 ஆம் ஆண்டில் நாசாவை விட்டு நீங்கி, தம் சொந்த மாநிலமாகிய ஓகையோவின் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்ந்தார். எட்டு ஆண்டுகள் மாணவர்க்குப் பொறியியல் கற்பித்தார். லெபனான் என்னும் சிற்றூரின் அருகே பண்ணை ஒன்று வாங்கி, அங்கே வாழ்ந்தார். நிலவைக் கண்டு மீண்டவர் கரும்பலகையின் முன் நின்று பாடம் நடத்தியதையும், வயலில் வேலை செய்ததையும் கண்டோர் வியந்தனர். அவருக்கோ அவை இயல்பான தொழில்கள்.

இதனால் அவரைப் பொருளை வெறுத்த துறவி என்று கருதிவிடலாகாது. 1979 ஆம் ஆண்டில் மகிழுந்து செய்யும் நிறுவனம் ஒன்றன் விளம்பரங்களில் அவர் தோன்றினார். பின்னர்ப் பல பெரிய நிறுவனங்களின் ஆட்சிக் குழுக்களில் உறுப்பினராக இருந்தார். வானூர்தித் துறைக்குரிய கணிப்பொறி நிறுவனம் ஒன்றற்குத் தலைவராகவும் விளங்கினார். அவற்றால் வளமான வாழ்வு அவருக்கு அமைந்தது. தம் அறிவையும் உழைப்பையும் கொடுத்து ஊதியம் பெறுவதை அவர் குறைவாக எண்ணவில்லை. நாடு அழைத்தபோதும் அவ்வறிவை மறுக்காது அளித்தார். 1986 ஆம் ஆண்டு ஜனவரி 28 ஆம் நாள் சேலஞ்சர் விண்கலம் சிதைந்து எழுவர் மடிந்தனர். அதன் காரணத்தை ஆராய அமைத்த குழுவிற்கு அவர் துணைத் தலைவராக இருந்து பணியாற்றினார்.

விற்கப்படாத பொருள்

ஆம்ஸ்ட்ராங் தம் உழைப்பிற்கு விலை பெற்றார். நிலவில் நடந்த புகழைப் பண்டமாக்க அவர் மனம் இசையவில்லை. கையொப்பம் வேண்டியவர்க்குப் பல ஆண்டுகள் விலையின்றியே எழுதிக் கொடுத்தார். அவற்றைப் பெற்றவர் சிலர் பெருவிலைக்கு விற்றனர். வேறு சிலர் பொய்க் கையொப்பமும் இட்டு விற்றனர். இவற்றை அறிந்த அவர், 1990 களில் கையொப்பமிடும் வழக்கத்தையே நிறுத்திவிட்டார். உண்மையாகவே அன்பு கொண்டு கேட்ட சிறுவர் சிலர் இதனால் ஏமாற்றம் அடைந்திருப்பர். ஆயினும் அன்பின் அடையாளமாகக் கொடுத்தது சந்தைச் சரக்காவதைத் தடுக்க அவருக்கு வேறு வழி தோன்றவில்லை.

1994 ஆம் ஆண்டில், வாழ்த்து மடல் விற்கும் நிறுவனம் ஒன்று, அவருடைய பெயரையும் நிலவில் அவர் பேசிய குரலையும் அவர் இசைவின்றி ஓர் அலங்காரப் பொருளில் அமைத்து விற்றது. அவர் வழக்குத் தொடுத்தார். வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. கிடைத்த தொகையில் வழக்குச் செலவு போக எஞ்சியதைத் தாம் பயின்ற பர்டியூ பல்கலைக்கழகத்திற்கு அளித்துவிட்டார். 2005 ஆம் ஆண்டில் இன்னும் வியப்பான செய்தி ஒன்று வெளிவந்தது. அவருக்கு முடி திருத்துபவர், வெட்டி விழுந்த முடியைச் சேர்த்து, அரும்பொருள் திரட்டும் ஒருவருக்கு 3,000 டாலருக்கு விற்றுவிட்டார்! முடியைத் திருப்பித் தருதல் வேண்டும். இல்லையேல் அத்தொகையை அறப்பணிக்குக் கொடுத்தல் வேண்டும் என்று ஆம்ஸ்ட்ராங் கேட்டார். இறுதியில், 3,000 டாலர் அறப்பணிக்கு வழங்கப்பட்டது.

இவ்வாறு அவர் கண்டிப்புடன் இருந்ததன் காரணம் யாது? அப்போலோத் திட்டத்திற்காக ஏறத்தாழ 4 இலட்சம் மக்கள் உழைத்தனர். கலத்தை வடிவமைத்தவர், உடையைத் தைத்தவர், கணக்கிட்டவர், திருகாணியை முடுக்கியவர் ஆகிய அனைவருடைய உழைப்பும் சேர்ந்தே இருவரை நிலவில் நிறுத்தியது. 1967 ஆம் ஆண்டில் அப்போலோ 1 கலத்தினுள் தீப்பற்றி மூவர் உயிர் நீத்ததும் அம்முயற்சியின்போதுதான். அம்மூவரின் நினைவாக ஓர் அடையாளச் சின்னத்தையும், இறந்துபட்ட உருசிய விண்வெளி வீரர் இருவரின் பதக்கங்களையும் நிலவிலேயே வைத்துவிட்டு வந்தனர். ஆம்ஸ்ட்ராங், தம் புகழ் தமக்கு மட்டும் உரியதன்று என்று எண்ணினார். பிறர் பாராட்டும்போதெல்லாம் உடனுழைத்தோரையே சுட்டினார். பலர்க்கும் பொதுவான ஒன்றை ஒருவர் தம்முடையது என்று கூவி விற்றல் முறையாகுமோ?

ஆம்ஸ்ட்ராங், நெஞ்சகத்தில் அறுவை மருத்துவம் செய்யப்பட்டபின் தோன்றிய இடர்களால், 2012 ஆம் ஆண்டு ஆகஸ்டு 25 ஆம் நாள், தம் 82 ஆம் வயதில் மறைந்தார். அவருடைய உடல் எரிக்கப்பட்ட சாம்பல் அட்லாண்டிக் கடலில் இடப்பட்டது. அவர் மறைந்தபின், நிலவுக்கலத்திலிருந்து கொணர்ந்த சிறு பொருள்கள் அடங்கிய துணிப்பை ஒன்று அவர் வீட்டு அலமாரியில் இருந்தது கண்டறியப்பட்டது. அது பற்றி அவர் எவரிடமும் பெருமை பேசியதாகத் தெரியவில்லை. அது பின்னர் வாஷிங்டன் அருங்காட்சியகத்திற்குச் சென்றது. 2018 ஆம் ஆண்டு முதல் அவருடைய மைந்தர் ஏலத்தில் விற்ற பிற பொருள்களுக்குப் பல இலட்சம் டாலர் கிடைத்தது. அவர் வாழ்நாளில் விலக்கிவைத்த பொருளின் அளவு எத்தகையது என்பதை உலகம் அப்பொழுதுதான் கண்கூடாக அறிந்தது.

மாணாக்கரே! ஒருவர் ஈட்டிய பொருளை எண்ணிக் கூறிவிடலாம். தமக்கு உரியது இது, பலர்க்கும் பொதுவானது இது என்று பகுத்தறிந்து, உரியதை மட்டும் கொள்ளும் உள்ளத்தை எண்ணால் அளத்தல் இயலாது. பள்ளிப் பருவத்தில், ஒரு மணி நேரம் பறப்பதற்காக 22½ மணி நேரம் உழைத்த சிறுவர், உழைப்பால் வந்ததே தம் செல்வம் என்பதை முதுமையிலும் மறந்தாரில்லை. உங்கட்கும் நாளை புகழ் வரலாம். அது வரும்போது, அதனை உண்டாக்கியவர் எத்துணைப் பேர் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். தெளிந்த இரவில் நிலவைக் காணும்போது ஆம்ஸ்ட்ராங்கை நினைத்து அதனை நோக்கிக் கண் சிமிட்டுமாறு அவருடைய குடும்பத்தார் உலகத்தாரை வேண்டிக்கொண்டனர். நிலவு எல்லார்க்கும் பொதுவாக ஒளி வீசுகின்றது. அதில் முதலடி வைத்தவரும் அவ்வடியை எல்லார்க்கும் பொதுவாகவே விட்டுச் சென்றார்.

பயிற்சி

1. ஆம்ஸ்ட்ராங் இளமையில் வானூர்தி ஓட்டப் பழகியது எவ்வாறு?
2. ஜெமினி 8 கலத்தில் நேர்ந்த இடர் யாது? அதனை அவர் எவ்வாறு நீக்கினார்?
3. நிலவுப் பயணத்திற்கு முன் அஞ்சல் உறைகளில் கையொப்பமிட்டதன் நோக்கம் யாது?
4. ஆம்ஸ்ட்ராங் ஊதியம் பெற்ற பணிகள் யாவை? அவர் விற்க இசையாதது யாது? காரணம் கூறுக.
5. 'புகழ் பலர்க்கும் பொதுவானது' என்னும் பொருள் பற்றி ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.